அவசர மருத்துவ ஆய்வுக்குப் பணம் வந்த வழி

மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதுவது, துடிப்பு நின்றவரின் நெஞ்சை இரு கைகளாலும் அழுத்துவது, வலிப்பு நிற்காதவருக்குத் தொடையில் ஊசி போடுவது, தலையில் அடிபட்ட குழந்தைக்கு ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மருத்துவர் எழுப்பிய கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை காண யாரோ கொடுத்த பணமும் இருக்கிறது. அவசர சிகிச்சையின் வரலாற்றில் கண்டுபிடிப்புகளைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. அவற்றுக்குச் செலவழித்தவர்கள் யார், எதற்காகக் கொடுத்தார்கள், பணம் நின்றபோது என்ன ஆயிற்று என்பதும் அதே அளவு தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு. அது அதிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கும் நாடு அமெரிக்கா.

மருத்துவ ஆய்வுப் பணம் பெரும்பாலும் உறுப்புவாரியாகவும் நோய்வாரியாகவும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின்கீழ் 27 அமைப்புகள் இயங்குகின்றன. இதயத்துக்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று, நரம்பு மண்டலத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று அவை நீளும். அவசர மருத்துவத்துக்கென்று தனி உறுப்பு எதுவும் கிடையாது. எந்த நோயானாலும் அது தாக்கிய முதல் சில நிமிடங்களும் மணிகளும்தான் அதன் களம். இதயம், நரம்பு, நுரையீரல், எலும்பு எல்லாம் அந்த நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. நாட்பட்ட நோயாளிகள் சங்கம் வைத்து அரசிடம் நிதி கேட்பார்கள். சாலையில் அடிபட்டுப் பிழைத்தவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார், பிழைக்காதவருக்காகக் கேட்க ஆளில்லை. இதனால் அவசர மருத்துவ ஆய்வுக்கான பணம் நெடுங்காலம் யாரும் எதிர்பாராத திசைகளிலிருந்தே வந்தது.

மின் நிறுவனங்களும் ராணுவமும்

முதல் கொடையாளிகளில் மின்சார நிறுவனங்கள் முக்கியமானவை. 1920-களில் அமெரிக்க நகரங்களில் மின்கம்பி இழுக்கும் வேலை பெருகியபோது, கம்பத்தில் ஏறிய தொழிலாளர்கள் மின்னதிர்ச்சியால் இறப்பதும் பெருகியது. மின்சாரம் இதயத்தை எப்படி நிறுத்துகிறது, நின்றதை மீட்க முடியுமா என்ற ஆய்வுக்கு மின் நிறுவனங்கள் பணம் கொடுத்தன. எடிசன் எலெக்ட்ரிக் இன்ஸ்டிடியூட் என்ற அவற்றின் கூட்டமைப்பு, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மின்பொறியாளர் வில்லியம் கூவன்ஹோவனின் பணியைப் பல ஆண்டுகள் தாங்கியது. நெஞ்சைத் திறக்காமலே மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

அதே கூடத்தில் 1958இல் இன்னொன்றும் தெரியவந்தது. கை நிக்கர்பாக்கர் என்ற ஆராய்ச்சி மாணவர் நாயின் நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டரின் கனமான தகடுகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாயும் முன்பே தொடை இரத்தக் குழாயில் அழுத்தம் உயர்ந்ததைக் கவனித்தார். தகட்டின் அழுத்தமே இரத்தத்தைத் தள்ளியிருந்தது. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் இதை நோயாளிகளுக்குக் கொண்டுசென்றார். கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் 20 நோயாளிகளைப் பற்றிச் சொன்னார்கள். அவர்களில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். அதுவரை நின்ற இதயத்தை மீட்க மார்பைப் பிளந்து கையால் பிசைய வேண்டியிருந்தது. அதன்பிறகு வெறும் இரண்டு கைகளால், மருத்துவமனைக்கு வெளியிலும், உயிர்காக்க வழி பிறந்தது. மின்தொழிலாளர்களுக்காகக் கொடுக்கப்பட்ட பணம் மாரடைப்பு நோயாளிகளுக்கு உதவியது.

மூச்சைப் பற்றிய ஆய்வுக்கு அமெரிக்க ராணுவம் செலவழித்தது. நரம்பு நச்சு வாயுவால் மூச்சு நின்ற வீரர்களை எப்படிக் காப்பது என்பது 1950-களில் ராணுவத்தின் பெரிய கவலை. அப்போது பழக்கத்தில் இருந்த முறை, குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்திக் கையைத் தூக்குவது. வியன்னாவில் பிறந்து பால்டிமோரில் பணியாற்றிய மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சாஃபர், இந்த முறையால் காற்று உள்ளே போகிறதா என்று அளந்து பார்க்கத் துணிந்தார். தாமாக முன்வந்தவர்களுக்கு மயக்க மருந்தும் தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் கொடுத்து, அவர்களால் சுயமாக மூச்சுவிட முடியாதபடி செய்தார். பிறகு பயிற்சி இல்லாத சாதாரண மக்களைக் கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார். முதுகை அழுத்தும் முறையில் பலருக்கும் போதிய காற்று போகவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தி ஊதியபோது நெஞ்சு நிறையக் காற்று போயிற்று. மற்றொரு மருத்துவரான ஜேம்ஸ் ஈலம் முன்னரே தொடங்கியிருந்த ஆய்வும் இதனோடு சேர, பத்தாண்டுக்குள் பழைய முறை பாடநூல்களிலிருந்தே மறைந்தது.

1966

1966ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் எல்லைக்கல்லாக நிற்கிறது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் கழகமும் தேசிய ஆராய்ச்சி மன்றமும் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துக் காயங்களால் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள், அவர்களில் 49,000 பேர் வாகன விபத்தில் இறந்தவர்கள். நவீன சமுதாயம் கவனிக்காமல் விட்ட நோய் என்று அறிக்கை இதைக் குறிப்பிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறையப் பாதியைச் சவ அடக்கத் தொழில் செய்வோர் நடத்திவந்ததையும் அது எடுத்துக்காட்டியது. ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. காயங்களால் நாடு இழக்கும் உயிர்களோடு ஒப்பிட்டால் அதற்கான ஆய்வு நிதி மிகவும் அற்பம் என்பதும், காய சிகிச்சைக்கென்று தனித் தேசிய நிறுவனம் வேண்டும் என்பதும் அறிக்கையின் பரிந்துரைகளில் இருந்தன. நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. தனி நிறுவனம் வரவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், ராயல் விக்டோரியா மருத்துவமனையின் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜும் அவருடைய உதவியாளர் ஜான் கெடிஸும் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மாரடைப்பில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலை எட்டும் முன்பே இறந்துவிடுவதால், மருத்துவமனை வாசலைத் தாண்டி அவர்களிடம் போக வேண்டும் என்பது அவர்களின் வாதம். வண்டி மின்கலங்களில் இயங்கிய அந்தக் கருவியின் எடை சுமார் 70 கிலோ. 1967 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்த கட்டுரையில், வண்டி போன பிறகு இதயம் நின்ற பத்துப் பேரின் கதை இருந்தது. பத்துப் பேரும் மீட்கப்பட்டார்கள், ஐந்து பேர் வீடு திரும்பினார்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் கணக்கு வைத்து, அதை இதழில் அச்சிட்டதால்தான் நியூயார்க், மயாமி, கொலம்பஸ், லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் மருத்துவர்கள் தத்தம் ஊரில் அதைச் செய்து பார்க்க முடிந்தது.

பிட்ஸ்பர்க்

சாஃபர் 1960-களில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். 1966இல் அவருடைய பதினோரு வயது மகள் ஆஸ்துமா தாக்கி இறந்துபோனாள். மருத்துவமனைக்குப் போகும் முன் நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பைத் திருத்தியாக வேண்டும் என்பதில் அவர் அதன்பின் முழுமூச்சாக இறங்கினார். அவருக்குப் பணத்துக்கு வழிகாட்டியது மாரிஸ் ஃபால்க் மருத்துவ நிதி என்ற உள்ளூர் அறக்கட்டளை. அதன் தலைவர் பிலிப் ஹாலனுக்கு வேறொரு கவலை இருந்தது. நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு ஒழுங்கான ஆம்புலன்ஸும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டையும் ஒன்றாகத் தீர்க்க 1967இல் ஃபிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது.

வேலையில்லாதிருந்த கறுப்பின இளைஞர்கள் உடற்கூறியல், இதய மீட்பு, மூச்சுக்குழாய் போடுதல் ஆகியவற்றில் அன்றைக்கு எந்த ஆம்புலன்ஸ்காரரும் பெறாத பயிற்சியைப் பெற்றார்கள். வண்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும், ஊழியருக்கு எவ்வளவு கற்பிக்க வேண்டும், கற்பித்தால் நோயாளிக்குப் பயனுண்டா என்ற கேள்விகளுக்கு அந்தச் சேவையின் அன்றாட வேலையே ஆய்வுக்கூடமாக அமைந்தது. 1974இல் நான்சி கேரலைன் என்ற இளம் மருத்துவர் அதன் மருத்துவ இயக்குநரானார். அங்கே கற்றதையும் கற்பித்ததையும் கொண்டு அவர் உருவாக்கிய பாடத்திட்டம் போக்குவரத்துத் துறையின் ஆதரவில் நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டமாயிற்று. ஆனால் ஃபிரீடம் ஹவுஸ் 1975இல் மூடப்பட்டது. நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது, பழைய ஊழியர்களில் பலர் அதில் நிலைக்க முடியவில்லை. சிறிய அறக்கட்டளையால் ஒரு முயற்சியைத் தொடங்கிவைக்க முடிந்தது. ஊரின் அரசியலையும் நிறவெறியையும் மீறி அதை நிலைநிறுத்த அந்தப் பணம் போதவில்லை.

சியாட்டில்

பான்ட்ரிட்ஜின் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் லியோனார்ட் காப், சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் இதய மருத்துவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். நெஞ்சுவலிக்கு அன்று புகழ்பெற்றிருந்த ஓர் அறுவை சிகிச்சையை, சிலருக்கு உண்மையாகவும் சிலருக்குத் தோலை மட்டும் கீறியும் செய்து ஒப்பிட்டு, இரண்டுக்கும் பலன் ஒன்றே என்று 1959இல் காட்டியவர் அவர். சியாட்டில் தீயணைப்புத் துறைத் தலைவர் கார்டன் விக்கரியிடம் அவர் போனார். தீயணைப்பு வீரர்களுக்கு இதய சிகிச்சையில் தீவிரப் பயிற்சி கொடுத்து, 1970 மார்ச் மாதம் மெடிக் ஒன் சேவை ஓடத் தொடங்கியது. உருவத்தில் பெருத்த முதல் வண்டிக்கு வீரர்கள் மோபி பிக் என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

செலவுக்கு மத்திய அரசின் மானியம் இருந்தது, ஆனால் கால வரம்போடு. மானியம் முடியும் தறுவாயில் சேவையும் முடிந்துவிடும் போலிருந்தது. காபும் விக்கரியும் ஊர் மக்களிடம் போய்க் கேட்டார்கள். மக்கள் கொடுத்தார்கள், சேவை பிழைத்தது. பின்னர் மெடிக் ஒன் அறக்கட்டளை என்ற நிரந்தர அமைப்பு உருவாகி, பயிற்சிக்கும் ஆய்வுக்கும் ஊர்ப்பணத்தைத் தொடர்ந்து திரட்டியது.

சியாட்டிலின் பெருமை வண்டியோடு நிற்கவில்லை. இதயம் நின்ற ஒவ்வொருவரைப் பற்றியும் அங்கே குறிப்பு வைக்கப்பட்டது. அழைப்பு எப்போது வந்தது, வண்டி எப்போது சேர்ந்தது, இதய வரைபடம் என்ன காட்டியது, அருகில் இருந்தவர் ஏதாவது செய்தாரா, நோயாளி பிழைத்தாரா என்று எல்லாம் எழுதப்பட்டன. வண்டி வரும்வரை யாராவது நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது அந்தக் குறிப்புகளிலிருந்து தெளிவாயிற்று. அதற்குள் விக்கரியின் யோசனைப்படி, நெஞ்சை அழுத்துவதும் மூச்சு ஊதுவதும் சேர்ந்த சிபிஆர் முறையைப் பொதுமக்களுக்கே கற்பிக்கும் இயக்கமும் தொடங்கியிருந்தது. ஒரு லட்சம் பேருக்குக் கற்பிப்பது அதன் இலக்கு, அந்த இலக்கை அது எட்டியது. சுற்றியிருந்த கிங் கவுண்டியில் மிக்கி ஐசன்பர்க்கும் உடன்பணியாளர்களும் அடுத்த கேள்விகளுக்குப் போனார்கள். முழுப் பயிற்சி இல்லாத ஆம்புலன்ஸ் ஊழியர் டிஃபிப்ரிலேட்டரைப் பயன்படுத்தலாமா? அழைப்பை எடுப்பவர் தொலைபேசியிலேயே நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுக்கலாமா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை 1980-களில் அங்கிருந்து வந்தது. ஒரே ஊரில், ஒரே குறிப்பேட்டை, ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுத முடிந்ததற்கு ஊரார் கொடுத்த நிலையான பணம் பெரிய காரணம்.

சட்டம் தந்ததும் பறித்ததும்

1970-களின் நடுவில் பெரிய பணம் வந்தது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் ஒதுக்கி, 44 வட்டாரங்களில் அவசர அழைப்பு, தகவல் தொடர்பு அமைப்புகளை உருவாக்க உதவியது. 1973 நவம்பரில் அதிபர் நிக்சன் அவசர மருத்துவச் சேவைகள் அமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகளுக்கு 18.5 கோடி டாலர் என்பது அதன் கணக்கு. நாட்டைச் சுமார் 300 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆம்புலன்ஸ், பயிற்சி, தகவல் தொடர்பு, காய சிகிச்சை மையம் அமைக்கும் பணியை இல்லினாய் மாநிலத்தில் அதைச் செய்துகாட்டியிருந்த அறுவை மருத்துவர் டேவிட் பாய்ட் ஏற்றார். சட்டத்தில் ஆய்வுக்கென்று தனிப் பங்கு இருந்தது. கிங் கவுண்டி ஆய்வுகளைப் போன்றவை அந்தக் காலத்தில் அரசின் சுகாதாரச் சேவை ஆய்வு மையத்தின் ஆதரவைப் பெற்றன.

1981இல் ரீகன் ஆட்சியின் வரவுசெலவுச் சட்டம் இந்தத் தனி நிதியை நீக்கி, வேறு பல சுகாதாரத் திட்டங்களோடு சேர்த்து, மாநிலங்கள் விரும்பியபடி செலவழிக்கும் ஒரே தொகையாக மாற்றியது. வண்டிக்கும் சம்பளத்துக்கும் மாநிலங்கள் ஏதோ ஒரு வழி கண்டன. ஆய்வுதான் முதலில் அடிபட்டது. வண்டி நின்றால் மறுநாளே ஊரார் கேட்பார்கள், ஆய்வு நின்றால் யாரும் கேட்பதில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் அவசர மருத்துவ ஆய்வு பெரிதாக வளராமல் போனதற்கு இந்த வெட்டும் ஒரு காரணம். குழந்தைகளுக்கான பங்கு மட்டும் 1984இல் தனிச் சட்டத்தால் மீண்டது.

துறையாகும் போராட்டம்

அவசர சிகிச்சைப் பிரிவில் முழுநேரம் பணியாற்றும் மருத்துவர் என்ற வகையே 1961இல்தான் உருவாகத் தொடங்கியது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஜேம்ஸ் மில்ஸும் மூன்று உடன்மருத்துவர்களும் தங்கள் சொந்த மருத்துவத் தொழிலை விட்டு, மருத்துவமனையின் அவசரப் பிரிவை இரவும் பகலும் கவனிக்க ஒப்புக்கொண்டார்கள். 1968இல் மிச்சிகனில் ஜான் வீகன்ஸ்டைன் முதலிய எட்டு மருத்துவர்கள் அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முதல் மேற்படிப்பு வந்தது. ஆனால் தனித்துறையாக ஏற்கும்படி 1977இல் விண்ணப்பித்தபோது, சிறப்புத் துறைகளின் கூட்டு வாரியம் பெரும்பான்மை வாக்கால் மறுத்தது. இந்தத் துறைக்கென்று சொந்த அறிவு எதுவும் இல்லை, எல்லாம் பிற துறைகளிடம் வாங்கியது என்பது எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதம். 1979இல் 23ஆவது சிறப்புத் துறையாக அங்கீகாரம் கிடைத்தது. முழுச் சுதந்திரமான வாரியமாக மாற மேலும் பத்தாண்டு, 1989 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வாதத்துக்கு ஆய்வைத் தவிர வேறு பதில் கிடையாது என்பதை அவசர மருத்துவர்கள் உணர்ந்திருந்தார்கள். 1970-களின் முற்பகுதியிலேயே அவர்களுடைய கல்லூரித் தலைவர்கள் அவசர மருத்துவ அறக்கட்டளை என்ற அமைப்பை நிறுவி, மருத்துவர்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுக்கும் நன்கொடையைக் கொண்டு இளம் ஆய்வாளர்களுக்குச் சிறு மானியங்கள் வழங்கத் தொடங்கினார்கள். தொகை சிறியதானாலும் அதன் இடம் முக்கியமானது. தேசிய சுகாதார நிறுவனத்திடம் பெரிய மானியம் கேட்பவர், அந்த யோசனை பலிக்கும் என்பதற்கு முன்கூட்டியே ஓரளவு சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றைச் சேர்க்கவும் பணம் வேண்டும். இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறிப் பார்க்கும் மருத்துவருக்கு, ஆய்வுக்கான நேரத்தையே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் வராத நேரத்துக்கு இன்னொரு மருத்துவரை மருத்துவமனை அமர்த்தியாக வேண்டும். சிறு மானியம் இந்த இரண்டு தடைகளையும் தாண்ட உதவும் முதல் படி. தேசிய சுகாதார நிறுவனத்தின்கீழுள்ள இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 2011இல் ஆறு பல்கலைக்கழகங்களில் அவசர மருத்துவ ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்க நிதி கொடுத்ததும் இந்தத் தேவையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

சம்மதம் என்ற முட்டுக்கட்டை

பணம் மட்டும் போதாது என்பதை 1990-கள் காட்டின. ஆய்வில் சேர்க்கும் முன் நோயாளியின் சம்மதம் பெற வேண்டும் என்பது மருத்துவ அறத்தின் அடிப்படை விதி. இதயம் நின்று கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது, உறவினர் வரும்வரை காத்திருக்கவும் முடியாது. 1993இல் அரசின் கண்காணிப்பு அமைப்புகள் விதியை இறுக்கிப்பிடித்ததும், மீட்பு சிகிச்சை ஆய்வுகள் நாடு முழுவதும் ஏறக்குறைய நின்றேபோயின. மருத்துவர்களும் அறவியலாளர்களும் கூடிப் பேசி, 1996இல் புதிய விதி வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை, இருக்கும் சிகிச்சை போதாது என்ற நிலை, நோயாளிக்கு நேரடி நன்மை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவை இருந்தால் முன்சம்மதம் இன்றியும் ஆய்வில் சேர்க்கலாம். ஆனால் தொடங்கும் முன் அந்த ஊர் மக்களிடம் விளக்கி அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும், திட்டத்தையும் முடிவையும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். சேர விரும்பாதவர்கள் கையில் வளையம் அணிந்துகொள்ளும் ஏற்பாடும் பல ஆய்வுகளில் இருந்தது. மக்களிடம் பேசும் இந்த வேலைக்கும் காலமும் பணமும் தேவைப்பட்டன. அவசர ஆய்வு மற்ற ஆய்வுகளைவிடச் செலவு மிக்கதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலையமைப்புகளின் காலம்

இருபத்தோராம் நூற்றாண்டில் தனித்தனி மானியங்களுக்குப் பதிலாக, பல ஊர் மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் வலையமைப்புகளுக்குப் பணம் போகத் தொடங்கியது. அதற்கு ஒரு கணக்குக் காரணம் உண்டு. தலையில் அடிபட்டு, நினைவோடு அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட ஆபத்தான மூளைக்காயம் இருப்பதில்லை. எல்லாருக்கும் சிடி ஸ்கேன் எடுத்தால் தேவையில்லாத கதிர்வீச்சு, எடுக்காவிட்டால் அந்த ஒருவரைத் தவறவிடும் அச்சம். ஒரே மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் விதி வகுக்கப் போதுமான குழந்தைகள் சேரமாட்டார்கள். 2001இல் அரசு நிதியில் தொடங்கிய குழந்தைகள் அவசர சிகிச்சை ஆய்வு வலையமைப்பு, நேதன் குப்பர்மன் தலைமையில் 25 அவசரப் பிரிவுகளில் 42,412 குழந்தைகளைக் கவனித்தது. ஆபத்தான காயம் 376 பேருக்கு இருந்தது, அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 60 பேர். எந்தெந்த அடையாளம் இல்லையென்றால் ஸ்கேன் இன்றி வீட்டுக்கு அனுப்பலாம் என்று 2009இல் லான்செட்டில் வந்த விதி, உலகம் முழுவதும் மருத்துவர்களின் கைக்குறிப்பாகிவிட்டது.

2004இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து மீட்பு சிகிச்சை ஆய்வுக் கூட்டமைப்பை உருவாக்கின. இதய நிறுவனம், ராணுவம், கனடாவின் சுகாதார ஆய்வு நிறுவனம், இதயச் சங்கங்கள் எனப் பல கொடையாளிகள் கைகோத்தார்கள். சிபிஆரில் மூச்சு ஊத இடைநிறுத்துவதா, நிறுத்தாமல் அழுத்துவதா என்ற கேள்விக்கு 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் விடை தேடி, நிறுத்தாமல் அழுத்துவதால் கூடுதல் பயனில்லை என்று 2015இல் சொன்னது. இதயம் நின்றவருக்குக் கொடுக்கப்படும் அமியோடரோன், லிடோகேன் என்ற இரண்டு மருந்துகளையும் வெறும் கரைசலையும் 2016இல் ஒப்பிட்டபோது, பிழைத்தவர்கள் முறையே 24.4, 23.7, 21.0 விழுக்காடு. வேறுபாடு உறுதியானதென்று சொல்லுமளவு இல்லை. இத்தகைய முடிவுகள் ஏமாற்றம் போலத் தோன்றலாம். வழக்கத்தின் பேரில் செய்யப்படுவது உதவுகிறதா என்று தெரிந்துகொள்வதே நோயாளிக்குச் செய்யும் நன்மை, அதைத் தெரிந்துகொள்ளச் செலவழிக்க எந்த மருந்து நிறுவனமும் முன்வராது.

நரம்பு நோய் நிறுவனம் 2006இல் தொடங்கிய வலையமைப்பு, வில்லியம் பார்சன் தலைமையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டது. அதன் புகழ்பெற்ற ஆய்வு ராபர்ட் சில்பர்கிளைட் நடத்திய ராம்பார்ட். வலிப்பு நிற்காமல் துடித்துக்கொண்டிருப்பவருக்கு நரம்பில், அதாவது இரத்தக் குழாயில், ஊசி ஏற்றுவது ஓடும் வண்டியில் மிகக் கடினம். தொடைத் தசையில் தானியங்கி ஊசியால் மிடசோலம் கொடுத்தால் போதுமா, நரம்பில் லொரசிபம் கொடுப்பதே சிறந்ததா என்பது கேள்வி. தானியங்கி ஊசி என்பது நச்சு வாயுத் தாக்குதலுக்காக ராணுவம் வளர்த்த கருவி. ஒவ்வொரு பாராமெடிக்கிடமும் ஒரு பெட்டி இருந்தது. அதைத் திறந்த கணமே உள்ளே இருந்த கருவி நேரத்தையும் குரலையும் பதியத் தொடங்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் தொடையில் ஒரு ஊசி, நரம்பில் ஒரு ஊசி. இரண்டில் ஒன்று மருந்து, மற்றது வெறும் கரைசல், எது எதுவென்று கொடுப்பவருக்குத் தெரியாது. ஊசி போட்டதையும் வலிப்பு நின்றதையும் பாராமெடிக் வாய்விட்டுச் சொல்ல, பெட்டி அதைப் பதிந்துகொள்ளும்.

33 ஆம்புலன்ஸ் சேவைகளும் 79 மருத்துவமனைகளும் பங்குகொண்ட இந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. மருத்துவமனை சேரும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் தொடை ஊசிக் குழுவில் 73.4 விழுக்காடு, நரம்பு ஊசிக் குழுவில் 63.4 விழுக்காடு. நரம்பில் ஏறிய மருந்து விரைவாகவே வேலைசெய்தது. ஆனால் நரம்பைக் கண்டுபிடிப்பதில் போன நிமிடங்கள் அந்த நன்மையைத் தின்றுவிட்டன. தொடை ஊசி 1.2 நிமிடத்திலும் நரம்பு ஊசி 4.8 நிமிடத்திலும் போடப்பட்டதைப் பெட்டியின் பதிவுகள் காட்டின.

ஒரு மருத்துவமனையின் பணமும் நாட்டின் பணமும்

சிறு நிதியும் பெரு நிதியும் ஒன்றுக்கொன்று எப்படித் துணைநிற்கின்றன என்பதற்கு இரத்தத்தில் பரவும் கடும் தொற்றுக்கான சிகிச்சை நல்ல எடுத்துக்காட்டு. டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் அவசர மருத்துவர் இமானுவல் ரிவர்ஸ், முதன்மையாகத் தம் மருத்துவமனையின் ஆய்வு நிதியைக் கொண்டு 263 நோயாளிகளிடம் ஒரு சிகிச்சைத் திட்டத்தைச் சோதித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்காமல், அவசரப் பிரிவிலேயே முதல் ஆறு மணிநேரத்தில் இலக்கு வைத்துச் சிகிச்சை தருவது அந்தத் திட்டம். மருத்துவமனை மரணம் 46.5 விழுக்காட்டிலிருந்து 30.5 ஆகக் குறைந்ததாக 2001இல் அறிவித்தார். உலகம் முழுவதும் அது வழிமுறையாயிற்று.

அது எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று பார்க்க நாட்டின் பணம் தேவைப்பட்டது. தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் 31 அவசரப் பிரிவுகளில் 1,341 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, அந்தத் திட்டத்துக்கும் மருத்துவர் தம் அனுபவப்படி தரும் சிகிச்சைக்கும் மரணத்தில் வேறுபாடில்லை என்று 2014இல் காட்டியது. ரிவர்ஸின் பணி வீண் என்று இதற்குப் பொருளல்ல. தொற்றை முதல் மணிகளிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்ற பழக்கம் அவரால் எங்கும் பரவியிருந்தது, அதனால் சாதாரண சிகிச்சையின் தரமே உயர்ந்திருந்தது. அதில் இருந்த சிக்கலான கருவிகள் தேவையில்லை என்பதைப் பெரிய ஆய்வு தெளிவாக்கியது.

நிலையான இடம்

அமெரிக்க மருத்துவக் கழகம் 2006இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் அவசரப் பிரிவுகள் நெரிசலால் முறியும் நிலையில் இருப்பதைச் சொன்னதோடு, அவசர மருத்துவ ஆய்வுக்கு அரசின் நிதி அமைப்பில் உரிய இடம் வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அதன் விளைவாகத் தேசிய சுகாதார நிறுவனம் 2012இல் அவசர சிகிச்சை ஆய்வு அலுவலகத்தை அமைத்தது. மறு ஆண்டில் அதன் இயக்குநராக ஜெரமி பிரவுன் என்ற அவசர மருத்துவரே வந்தார். அந்த அலுவலகத்துக்குத் தானாக மானியம் வழங்கும் நிதி இல்லை. 27 அமைப்புகளிலும் சிதறிக் கிடக்கும் வாய்ப்புகளை இணைப்பதும், ஆய்வாளருக்கு வழிகாட்டுவதும் அதன் பணி. 2017இல் நரம்பு, இதய நிறுவனங்கள் சேர்ந்து, முந்தைய இரண்டு பெரிய வலையமைப்புகளின் இடத்தில் சைரன் என்ற ஒரே வலையமைப்பைத் தொடங்கின. 1966 அறிக்கை கேட்ட தனி நிறுவனம் ஐம்பது ஆண்டு கழிந்தும் வரவில்லை. அதன் வேலையில் ஒரு பகுதியை இவை செய்கின்றன.

இந்த வரலாற்றில் பணம் நான்கு வழிகளில் வந்திருக்கிறது. மின் நிறுவனமும் ராணுவமும் தங்கள் ஆட்களைக் காக்கக் கொடுத்தன, அதிலிருந்து சிபிஆரும் தானியங்கி ஊசியும் எல்லாருக்கும் கிடைத்தன. உள்ளூர் அறக்கட்டளைகளும் ஊர் மக்களும் கொடுத்த பணத்தில் பாராமெடிக் பாடத்திட்டமும் சியாட்டிலின் குறிப்பேடும் உருவாயின. மருத்துவர்களே போட்ட பணம் அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கு முதல் படியாயிற்று. அரசு கொடுத்த பணத்தால் மட்டுமே பல்லாயிரம் நோயாளிகளிடம் ஒரு கேள்விக்கு முடிவான விடை காண முடிந்தது. எந்த வழியில் வந்தாலும் கேள்வி நோயாளியின் பக்கத்தில் நின்ற ஒருவரிடமிருந்தே பெரும்பாலும் பிறந்தது. நரம்பைத் தேடி நிமிடங்கள் வீணாவதை வண்டியில் வேலை பார்ப்பவர்தான் அறிவார். அவருடைய கேள்வியைக் கேட்டு, விடை வரும்வரை பல ஆண்டுகள் நிறுத்தாமல் பணம் கொடுத்த இடங்களில் அவசர சிகிச்சை முன்னேறியது. பணத்தை நடுவில் நிறுத்திய 1981 போன்ற தருணங்களில் அது தேங்கியது.